வளையம் மெலிந்த ஆண்டில் சனியைப் பார்த்தவர்கள்

மதுரையிலிருந்து ஒருவர்:

2025 நவம்பர் கடைசியில் மொட்டைமாடியில் ஆறு அங்குலத் தொலைநோக்கியை வைத்துத் தெருப் பிள்ளைகளுக்குச் சனியைக் காட்டினேன். முதலில் பார்த்த சிறுமி, "வளையம் எங்கே மாமா?" என்றாள். கம்பியில் கோத்த மணி போல ஒரு மெல்லிய கோடுதான் தெரிந்தது. பாடப்புத்தகப் படத்தை நினைத்து வந்தவர்களுக்கு ஏமாற்றம். எதிர்வீட்டுப் பாட்டிக்கு வேறு கவலை. "சனி நம்மைப் பார்க்காமல் இருக்க எள் தீபம் போடுகிறோம், நீ வலியப் போய் அதைப் பார்க்கிறாயே!" என்றார். பிறகு அவரும் வரிசையில் நின்றார்.

சனியின் அச்சு ஏறத்தாழ 27 பாகை சாய்ந்திருக்கிறது. அது சூரியனைச் சுற்ற 29 ஆண்டுகளுக்கு மேல் ஆவதால், சுமார் 15 ஆண்டுகளுக்கு ஒருமுறை வளையத்தின் விளிம்பு மட்டும் நமக்கு நேரே வரும். முதன்மை வளையங்கள் குறுக்கே சுமார் 2,70,000 கிலோமீட்டர். தடிமனோ பல இடங்களில் சில பத்து மீட்டர்களே. தெரியாமல் போவதில் வியப்பென்ன? 2025 மார்ச் 23 அன்று பூமி வளையத்தின் தளத்தைக் கடந்தபோது சனி சூரியனை ஒட்டி நின்றதால் பார்க்க வழியில்லை. நவம்பரில் மீண்டும் மெலிந்ததுதான் நமக்குக் கிடைத்தது. 1610இல் சனியின் இருபுறமும் ஏதோ ஒட்டியிருப்பதைக் கண்ட கலிலியோ, 1612இல் அவை மறைந்ததும் குழம்பிப்போனார். பிள்ளைகளிடம் இந்தக் கதையைச் சொன்ன பிறகுதான் முணுமுணுப்பு அடங்கியது.

கோவையிலிருந்து ஒருவர்:

ஏமாற்றம் என்று ஏன் சொல்கிறீர்கள்? வளையத்தின் ஒளி குறைந்தால்தான் மங்கலான நிலாக்கள் எடுப்பாகத் தெரியும். சனியின் பெரிய நிலாவான டைட்டனின் நிழல் சனியின் மேல் விழுவதும் இந்தப் பருவத்தில்தான். என்ன செய்வது, 2025இல் அந்த நிழல் விழுந்த நேரமெல்லாம் நமக்குப் பட்டப்பகல்! அமெரிக்காவில் இருந்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

அந்த ஆற்றாமையில் வியாழன் பக்கம் திரும்பினேன். அதன் நிழலிலிருந்து அதன் நிலாவான அயோ வெளியே வரும் காட்சியைப் பார்த்திருக்கிறீர்களா? ஒன்றுமில்லாத இருட்டில் ஒரு புள்ளி முளைத்து, சில நிமிடங்களில் முழு ஒளியோடு நிற்கும். இந்த மறைவுகள் கணக்கிட்ட நேரத்துக்கு முந்தியும் பிந்தியும் வருவதைக் கவனித்துத்தான், ஒளி பயணிக்கவும் நேரம் பிடிக்கிறது என்று டென்மார்க் வானியலாளர் ரோமர் 1676இல் சொன்னார். வளையத்தைவிட எனக்கு இதுதான் பிடிக்கும்.

திருப்பத்தூரிலிருந்து ஒருவர்:

வளையம் என்றதும் எல்லோரும் சனியோடு நின்றுவிடுகிறீர்கள். எங்கள் ஜவ்வாது மலையில் இருக்கும் காவலூர் வானாய்வகத்தையும் சொல்லியாக வேண்டும். 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை மறைக்க வந்தது. அதற்கு முன்பே விண்மீனின் ஒளி சட்டென்று மங்கி மீண்டதை இங்குள்ள ஒரு மீட்டர் தொலைநோக்கி பதிவு செய்தது. புதிய நிலா ஒன்று குறுக்கிட்டிருக்கும் என்றே இங்கே முதலில் கருதினார்கள். இந்தியப் பெருங்கடலுக்கு மேலே பறந்த நாசாவின் கைப்பர் விமான ஆய்வகத்திலோ, கோளின் இருபுறமும் அத்தகைய மங்கல்கள் ஒத்த தொலைவுகளில் பதிவாயின. நிலாவென்றால் இப்படி இரண்டு பக்கமும் மறைக்காது. யுரேனஸின் வளையங்கள் அப்படித்தான் பிடிபட்டன.

சனிக்கிழமைகளில் பொதுமக்களுக்குச் சிறிய தொலைநோக்கியில் வானம் காட்டுகிறார்கள். விசாரித்துக்கொண்டு வாருங்கள்; மேகம் மூடினால் மலையேறியது வீண்.