கதைச்சுருக்கம் எழுத ஆங்கில இணைப்புச் சொற்கள் தேவை

குழு உறவுகளுக்கு வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். மகள் படிவம் 4. எஸ்.பி.எம். (இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வு) ஆங்கிலத் தாளில் நூல் விமர்சனம் கேட்கப்படலாம் என்பதால் கதைச்சுருக்கம் எழுதிப் பழகுகிறாள். நேற்று, பாட்டி வடை சுட்ட கதையையே எழுதச் சொன்னேன். பத்து வரியில் ஏழு ‘அண்ட் தென்’! காகம் வடையைத் தூக்கியது, அண்ட் தென் மரத்தில் அமர்ந்தது, அண்ட் தென் நரி வந்தது... படித்த எனக்கே மூச்சு வாங்கியது.

தெரிந்ததைச் சொன்னேன். தொடக்கத்துக்கு ‘தி ஸ்டோரி இஸ் அபௌட்’. அதே நேரத்தில் வேறிடத்தில் நடப்பதற்கு ‘மீன்வைல்’. காகம் வாயைத் திறந்ததால் வடை விழுந்தது என்பதற்கு ‘ஆஸ் எ ரிசல்ட்’. முடிவுக்கு ‘இன் தி எண்ட்’. அத்துடன் என் சரக்கு தீர்ந்துவிட்டது. ‘ஹவெவர்’ என்று வாக்கியத்தைத் தொடங்கினால் அடுத்துக் காற்புள்ளி வேண்டும் என்பதே அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். (தமிழ்ப்பள்ளியில் ‘ஆகவே’, ‘எனினும்’ எல்லாம் அழகாகத்தான் எழுதினாள்.)

திருப்பம், காரணம், பாத்திரத்தின் எண்ணம் ஆகியவற்றுக்கான சொற்றொடர்களை வாக்கியத்தோடு யாராவது எழுதி அனுப்ப முடியுமா? வெறும் பட்டியல் வேண்டாம். ஒன்று சுவரில் ஒட்டியிருக்கிறது, பல்லிதான் படிக்கிறது. இன்னொரு சந்தேகம்: சுருக்கத்தை நிகழ்காலத்தில் எழுதுவதே வழக்கம் என்கிறார்கள். கதை முழுக்க இறந்தகாலத்தில் இருந்தாலுமா?