ஓட்டு நாள் சம்பளம் எங்கே விடுபடுகிறது?

சம்பளக் கணக்குப் பிரிவு, திருப்பூர்:
தேர்தல் அன்று கம்பெனியைப் பூட்டிவிட்டால் கடமை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அது பாதிதான். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951, பிரிவு 135பி இரண்டு விஷயம் சொல்கிறது: வாக்களிக்க உரிமையுள்ள ஊழியருக்கு அன்று விடுமுறை, அந்த விடுமுறைக்காகச் சம்பளத்தில் பிடித்தம் கூடாது. வேலை செய்யாத நாளுக்குக் கூலி கிடையாது என்ற ஏற்பாட்டில் இருப்பவருக்கும் அன்றைய கூலி உண்டு.

பணம் விடுபடுவது வருகைப் பதிவேட்டில். அன்று யாருக்கும் 'பி' (வேலைக்கு வந்ததற்கான குறி) விழாது. சம்பள சாப்ட்வேர் 'பி'-களை எண்ணித் தினக்கூலியால் பெருக்கும். ஒரு நாள் காணாமல் போகும். மாதச் சம்பளக்காரருக்கு இது உறைக்காது, செக்கிங்கிலும் அயர்னிங்கிலும் தினக்கூலிக்கு நிற்பவர்களுக்குத்தான் அடி. தேர்தலுக்கு முன்பே தனிக் குறியீடு ஒன்றை உருவாக்கி, அதைச் சம்பளம் தரவேண்டிய நாள் கணக்கில் சேர்த்து, இரண்டு பேருக்கு மாதிரிச் சம்பளச் சீட்டு ஓட்டிப் பாருங்கள். பி.எஃப்., இ.எஸ்.ஐ. இரண்டுக்கும் அந்தத் தொகையைச் சேர்த்தே கணக்குப் போட வேண்டும்.

பீஸ் ரேட்டுக்கு, அதாவது தைத்த எண்ணிக்கைக்குக் கூலி வாங்குபவருக்கு, சட்டத்தில் சூத்திரம் இல்லை. 'விடுமுறை விடாதிருந்தால் என்ன கிடைத்திருக்குமோ அது' என்பதுதான் அளவுகோல். முந்தைய மாதம் டெய்லர் ஒருவர் 24 நாள் தைத்து 15,600 ரூபாய் எடுத்திருந்தால் ஒரு நாளுக்கு 650. இதை 30-ஆல் வகுத்து 520 கொடுக்கும் இடங்கள் உண்டு. தைத்த நாட்களால்தான் வகுக்க வேண்டும். 130 ரூபாய் அவர் உழைப்பு.

தொழிற்சங்கப் பொறுப்பாளர், ஓசூர்:
அண்ணே, இதோடு ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 'விரலில் மை இருந்தால்தான் சம்பளம்' என்று நோட்டீஸ் ஒட்டுகிறார்கள். 135பி கேட்பது வாக்களிக்க உரிமை மட்டுமே, வாக்களித்ததற்குச் சாட்சி அல்ல. பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்க்கலாம். பாகம் எண்ணும் வரிசை எண்ணும் போதும்.

எங்கள் பக்கம் பெரிய சிக்கல் எல்லை தாண்டி வேலைக்குப் போகிறவர்கள். 2024 மக்களவைத் தேர்தலில் கிருஷ்ணகிரிக்கு ஏப்ரல் 19, பெங்களூருக்கு ஏப்ரல் 26. கிருஷ்ணகிரியில் பெயர் உள்ளவர் பெங்களூரில் வேலை பார்த்தால் அவருக்குரிய நாள் 19. வேறு தொகுதியில் வேலை பார்ப்பவருக்கும் இந்த உரிமை உண்டு என்று தேர்தல் ஆணையம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. பஸ் ஏறிப் போகவர ஆகும் நாட்கள் இதில் வராது. அதற்குச் சொந்த விடுப்புதான்.

சம்பளக் கணக்குப் பிரிவு, திருப்பூர்:
சரியாகச் சொன்னீர்கள் தோழர். இங்கே பீகார், ஒடிசாத் தொழிலாளிகளுக்கும் அதே கதைதான். அந்த வருடம் பீகாரில் ஏழு கட்டம், ஒடிசாவில் மே 13 முதல் ஜூன் 1 வரை நான்கு கட்டம். மாநிலத்தைக் கேட்டால் போதாது, தொகுதியைக் கேட்டுத் தேதி வாரியாகப் பட்டியல் போட வேண்டும். இங்கே ஓட்டு இல்லாதவர்களுக்கு, தமிழ்நாட்டில் வாக்குப்பதிவு நடந்த ஏப்ரல் 19-க்குக் கூலி உண்டா என்ற கேள்வி எழும். கதவைப் பூட்டியது கம்பெனி. கொடுத்துவிடுவதுதான் நியாயம் என்பது என் கருத்து.

ஹெச்.ஆர். பொறுப்பாளர், ஸ்ரீபெரும்புதூர்:
135பி தரும் விடுமுறையிலிருந்து யாருக்கு விலக்கு என்பது பற்றி. 'வராவிட்டால் ஆபத்தோ பெரிய நஷ்டமோ ஏற்படும்' என்ற உட்பிரிவு அந்தக் குறிப்பிட்ட வாக்காளருக்குத்தான், ஆலை முழுவதற்கும் அல்ல. பாய்லர் ஆபரேட்டர், தீவிர சிகிச்சைப் பிரிவு நர்ஸ் போன்றவர்கள் வரலாம். ஷிப்மென்ட் தேதி நெருங்குகிறது என்று முந்நூறு பேரை அதில் அடைப்பது தவறு. விலக்கில் வருபவர்களின் பெயரையும் காரணத்தையும் முன்கூட்டியே எழுதி வையுங்கள். அவர்களையும் மாற்றாள் போட்டு மூன்று மணி நேரமாவது வெளியே விடலாம். 2024-இல் தமிழ்நாட்டில் வாக்குப்பதிவு காலை 7 முதல் மாலை 6 வரை. 6 மணிக்கு வரிசையில் நிற்பவருக்கு டோக்கன் உண்டு.

நைட் ஷிப்டில் குழப்பம் வரும். 18-ஆம் தேதி இரவு 10-க்கு ஏறுபவர் 19 காலை 6-க்கு இறங்குகிறார். '19-ஆம் தேதி இரவு ஷிப்ட் லீவு' என்று போட்டால், ஓட்டுப் போட வேண்டிய பகலில் அவர் தூங்காமல் நிற்பார். 18 இரவு ஷிப்டையே நிறுத்துவது நல்லது. எந்த ஷிப்ட் லீவு என்று தேதியும் நேரமும் போட்டுச் சுற்றறிக்கை விடுங்கள்.

தொழிற்சங்கப் பொறுப்பாளர், ஓசூர்:
கான்ட்ராக்ட் ஆட்கள் விஷயம் விட்டுப்போச்சு சார். ஆலை கான்ட்ராக்டருக்கு ஆள்-நாள் கணக்கில் பில் பாஸ் செய்கிறது. தேர்தல் நாளுக்கு ஆள்-நாள் பூஜ்யம். 'எனக்கு வரவில்லை, நான் எங்கிருந்து தருவேன்' என்பார் கான்ட்ராக்டர். தேர்தல் தேதி அறிவித்ததும், அந்த நாளைப் பில்லில் சேர்க்கலாம் என்று ஆலையிடம் எழுத்தில் வாங்கிவிட வேண்டும். பில் போனபிறகு பிடிப்பது கஷ்டம்.

135பி-யை மீறும் முதலாளிக்கு அபராதம் அதிகபட்சம் 500 ரூபாய்தான். அதனால் புகாரைத் தேர்தலுக்கு முன்பே கொடுப்பதுதான் பலன் தரும்: நோட்டீஸின் படம், ஷிப்ட் பட்டியல், வேலை செய்யும் இடம். தொழிலாளர் துறைக்கும், மாவட்டத் தேர்தல் அலுவலரான ஆட்சியருக்கும் ஒரே நாளில் அனுப்புங்கள். வாக்காளர் உதவி எண் 1950-க்கும் அழைக்கலாம்.

சம்பளக் கணக்குப் பிரிவு, திருப்பூர்:
உள்ளாட்சித் தேர்தலுக்கு 135பி பொருந்தாது. மக்களவை, சட்டமன்றம் மட்டும்தான், இடைத்தேர்தல் உட்பட. உள்ளாட்சிக்கு மாநில அரசின் அறிவிப்பைத் தனியாகப் பார்த்துப் பதிவேட்டில் குறியீடு போடுங்கள்.