நோயாளி நினைவோடு இருக்கும்போது புருஷன் கையெழுத்து போதுமா?

கேள்வி (ஹவுஸ் சர்ஜன், திருவாரூர் பக்கம்):
கர்ப்பப்பை எடுக்கும் ஆபரேஷன். அந்தம்மாவுக்கு 42 வயது, நடவு வேலை, எழுதப் படிக்கத் தெரியாது. கேட்டால், "அவரைக் கேட்டுக்குங்க" என்று புருஷனைக் காட்டுகிறார். வகுப்பில் படித்த தன்னாட்சியை (தன் உடலைப் பற்றி நோயாளியே முடிவெடுப்பது) வார்டில் எப்படிச் செயல்படுத்துவது?

பதில் 1:
செல்லாது. 2008-ல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான்: பரிசோதனைக்குச் சம்மதித்தவர் மயக்கத்தில் இருக்கையில் தாயைக் கேட்டுக் கர்ப்பப்பையை எடுத்தது தவறு. உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் விலக்கு.

பதில் 2:
சட்டம் சரி. ஆனால் புருஷனை விரட்டவும் வேண்டாம்; அவர் கூடவே இருக்கட்டும், பேச்சு அந்தம்மாவோடு. தியேட்டர் வாசலில் படிவம் நீட்டாதீர்கள், முந்தின நாளே பேசுங்கள். "புரிஞ்சுதா?" என்றால் எல்லாரும் தலையாட்டுவார்கள். "வீட்ல அக்கா கேட்டா என்னன்னு சொல்லுவீங்க?" என்று கேளுங்கள். மாதவிலக்கு நிற்கும், பிள்ளை பிறக்காது, சினைப்பையையும் எடுக்கிறோமா, மாத்திரையிலேயே சரியாகுமா, எத்தனை வாரம் குனிந்து நாற்று நடக் கூடாது: எல்லாம் அந்தம்மா வாயால் வரணும். கடைசிதான் அவருக்குப் பெரிய கேள்வி. ரத்தப்போக்கு கட்டுக்குள் இருந்தால் குறுவை நடவு முடியட்டும் என்று தள்ளலாம்.

பதில் 3:
கைநாட்டுக்குச் சாட்சி, ஆபரேஷன் குழுவில் இல்லாதவராக இருக்கட்டும். பேசிய நேரத்தைக் கேஸ் ஷீட்டில் எழுதுங்கள். "எடுக்காட்டி கேன்சர் வரும்" என்று பயமுறுத்தி வாங்கிய கைநாட்டு வெறும் மைதான்.