புதிதாக வாங்கிய ஒட்டுக் கள்ளியில் புள்ளிகள்: அழுகலா, வெறும் தழும்பா?

கேள்வி:
வணக்கம். பச்சைத் தண்டின் மேல் சிவப்பு உருண்டையை ஒட்டுக்கட்டிய கள்ளி ஒன்றை ஒன்பது நாட்களுக்கு முன் வாங்கி, வெயில் நேராக விழும் சன்னலோரத்தில் வைத்தேன். வாங்கிய அன்று கண்ணில் படாத மூன்று மாற்றங்கள் இப்போது தெரிகின்றன. தண்டின் அடியில், மண்ணை ஒட்டி, மரப்பட்டை போன்ற பழுப்புப் படலம் இருக்கிறது. உருண்டையின் சன்னல் பக்கம் வெளுத்து, வைக்கோல் நிறத்துக்கு வந்துவிட்டது. ஒட்டுக்குச் சற்றுக் கீழே, தண்டின் ஒரு விளிம்பில், மிளகளவில் ஒரு கரும்புள்ளி இருக்கிறது. பூஞ்சைக்கொல்லி தெளித்துவிடலாமா?

மறுமொழி 1:
தெளிப்பதற்கு முன் தொட்டுப் பாருங்கள். கள்ளியில் நிறத்தைவிட, கறை எந்த இடத்தில் இருக்கிறது, அழுத்தினால் எப்படி இருக்கிறது, பரவுகிறதா என்ற மூன்றும்தான் அதிகம் சொல்லும். அடியிலுள்ள படலம் நகத்தால் தட்டினால் கட்டையாக ஒலித்து, அமுங்காமல் இருந்தால், அது தண்டு முதிர்ந்து தக்கையாவதே தவிர நோயன்று. ஒரு பக்கம் மட்டும் வெளுத்தது பெரும்பாலும் வெயில் சுட்ட காயம். அந்த உருண்டையில் பச்சையம் இல்லை. அதற்கான உணவு முழுவதும் கீழே நிற்கும் தண்டிலிருந்து, பெரும்பாலும் டிராகன் பழக் கொடியின் துண்டிலிருந்து, வருகிறது. நிழலில் வளர்ந்ததைத் திடீரென்று வெயிலில் வைத்தால் உருண்டைதான் முதலில் சுடுபடும். சுட்ட இடம் பழைய நிறத்துக்குத் திரும்பாது. ஆனால் வெயிலை மட்டுப்படுத்தினால் மேலும் பரவவும் செய்யாது.

எனக்குக் கவலை தருவது மூன்றாவது புள்ளிதான். அதன் ஓரத்தைச் சுற்றிப் பேனாவால் மெல்லிய கோடு போட்டுத் தேதியைக் குறித்து வையுங்கள். சில நாள் கழித்துப் புள்ளி கோட்டைத் தாண்டியிருக்கிறதா என்று பாருங்கள். அதுவரை தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

மறுமொழி 2:
முதல் மறுமொழியோடு உடன்படுகிறேன். ஆனால் பூச்சியை மறந்துவிட வேண்டாம். புள்ளியை நகத்தால் சுரண்டினால் சிப்பிபோல் கழன்று வந்து, அடியில் தோல் பச்சையாகத் தெரிந்தால் அது செதில்பூச்சி. ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைத்தால் போதும். உருண்டையின் உச்சியில் துருப்பொடி தூவியதுபோல் நுண்ணிய பழுப்புப் புள்ளிகள் இருந்தால் செஞ்சிலந்திப் பேனைச் சந்தேகிக்க வேண்டும். வெள்ளைத் தாளை அடியில் பிடித்துத் தட்டி, விழுந்த துகள்கள் ஊர்கின்றனவா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள். பூஞ்சைக்கொல்லி இந்த இரண்டுக்குமே மருந்தன்று. வாங்கிய செடியைச் சில வாரம் மற்றச் செடிகளிலிருந்து தள்ளி வைப்பது என் வழக்கம். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி. அடிப்படலம் கட்டையாகவே இருக்கிறது. தாளில் எதுவும் ஊரவில்லை. கரும்புள்ளி சுரண்டினால் கழலவில்லை. நான்காம் நாளில் பேனாக் கோட்டை ஒரு பக்கம் தாண்டிவிட்டது, விரல் வைத்தால் பழுத்த பழம்போல் அமுங்குகிறது. சுற்றிலும் தோல் கண்ணாடிபோல் ஈரமாகத் தெரிகிறது.

மறுமொழி 1:
அப்படியானால் அது அழுகல்தான், காத்திருக்க வேண்டாம். ஸ்பிரிட்டால் துடைத்த கூரிய கத்தியால் ஒட்டுக்குச் சற்று மேலே உருண்டையை வெட்டுங்கள். வெட்டுமுகத்தின் நடுவில் தெரியும் வளையத்தையும் (நீரும் உணவும் செல்லும் குழாய்த் திசு) சுற்றியுள்ள சதையையும் பாருங்கள். கறை இருந்தால், ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைத் துடைத்துக்கொண்டு, கறை தீரும்வரை மெல்லிய சீவல்களாக எடுங்கள். சுத்தமாகிவிட்டால், உடனே நலமான வேறொரு தண்டின் மேல் ஒட்டுங்கள். பச்சையமில்லாத உருண்டை மண்ணில் நட்டால் பிழைக்காது. உருண்டையின் நடுவளையமும் புதிய தண்டின் நடுவளையமும் ஓரிடத்திலாவது ஒன்றையொன்று தொட வேண்டும். வளையங்களின் அளவு வேறுபட்டால், நடுவில் வைக்காமல் சற்று ஒதுக்கி வையுங்கள். ரப்பர் வளையத்தால் ஒரே சீராக அழுத்தி, நிழலில் வைத்து, வெட்டில் நீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேட்டவர்:
செய்துவிட்டேன். பழைய தண்டில் கறை நடுவளையம்வரை ஆரஞ்சு நிறத்தில் போயிருந்தது. உருண்டையில் இரண்டாவது சீவலோடு கறை தீர்ந்தது. புதிய தண்டில் ஒட்டி, ரப்பர் வளையத்தைப் பன்னிரண்டாம் நாள் எடுத்தேன். உருண்டை அசையவில்லை. வெயில் சுட்ட பக்கம் மட்டும் வைக்கோல் நிறத்திலேயே இருக்கிறது. அதைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருக்கிறேன்.