வன்னியில் கமரா தூக்கும் பெண்களுக்கு ஒரு சங்கம்: அனுபவப் பகிர்வு

கிளிநொச்சி, நிர்வாக வேலை

சங்கத்தைப் பதிவு செய்வதில்தான் முதல் சிக்கல் வரும். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் எல்லாருக்கும் பழகிய வழி, ஆனால் அது ஒரு கிராமத்துக்குள் அடங்குவது. கமராக்காரி புதுக்குடியிருப்பிலும் எடிற்றர் வவுனியாவிலும் இருந்தால் பொருந்தாது. தொழிற்சங்கமாகப் பதிய ஏழு பேரின் கையெழுத்துப் போதும். ஆனால் இன்றைக்கு ஒரு ஸ்ரூடியோ, நாளைக்கு இன்னொரு கலியாண வீடு என்று வேலை பார்ப்பவர்களுக்கு அந்தச் சட்டை அளவாக வராது. 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிச் சட்டத்தில் உத்தரவாதத்தால் வரையறுத்த கம்பனி என்று ஒன்று உண்டு, பங்கு இல்லாமல் உறுப்பினர்களின் உத்தரவாதத்தில் நிற்பது. மாவட்ட எல்லை கிடையாது. ஆனால் வருசா வருசம் கணக்காய்வு செய்து அறிக்கை கொடுக்க வேணும். கணக்காய்வாளரின் கூலியைச் சந்தாவுக்குள் போட்டுப் பார்க்காமல் அதில் இறங்கக் கூடாது.

வங்கிக் கணக்கில் எல்லாரும் ஒரே பிழையைத்தான் விடுகிறார்கள். செயலாளர் முல்லைத்தீவு, பொருளாளர் வவுனியா, இருவரும் சேர்ந்து கையெழுத்து வைக்க வேணும் என்று எழுதிவிடுவார்கள். பிறகு ஒரு பற்றறி வாங்கக் காசு எடுக்கவும் ஒரு நாள் பஸ் பயணம். மூவரின் பெயரைப் போட்டு, எந்த இருவரும் எடுக்கலாம் என்று தீர்மானம் எழுதுங்கோ. அந்த மூவரில் இருவர் ஒரே ஊராக இருக்கட்டும்.

கூட்டத்துக்கு மாங்குளம்தான் தோது. ஏ9 வீதியில் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் இடையில் இருக்கிறது, முல்லைத்தீவு வீதி பிரிகிற இடம், ரயிலும் நிற்கும். மல்லாவிப் பக்கத்தார் வெள்ளாங்குளம் வீதியால் வந்து சேரலாம். காலை பத்துக்குத் தொடங்கி இரண்டுக்கு முடிக்க வேணும். மூன்று மணி தாண்டினால் பாதிப்பேர் மணிக்கூட்டைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

வவுனியா, படத்தொகுப்பு

அக்கா சொன்னதோடு ஒன்று. யாரைச் சேர்ப்பது என்பதைச் சங்கத்தின் யாப்பில், அதாவது விதிகளில், இறுக்கமாக எழுதாவிட்டால் ஆறு மாதத்தில் அது ரசிகர் மன்றம் ஆகிவிடும். ஒளிப்பதிவு, ஒலி, தொகுப்பு, ஒப்பனை, அறிவிப்பு, உபதலைப்பு இவற்றில் ஏதாவது ஒன்றுக்குக் கூலி வாங்கியவர் முழு உறுப்பினர். படித்துக்கொண்டிருக்கிற தங்கச்சிமார் இணை உறுப்பினர், அவர்களுக்கு வாக்கு இல்லை. கைபேசியால் எடுத்து யூரியூப்பில் போடுகிறவர்களைத் தள்ளக் கூடாது. இங்கே புதிதாக வருகிறவர்களில் பலர் அந்த வழியால்தான் வருகிறார்கள்.

1973இல் லொஸ் ஏஞ்சல்ஸில் ரிச்சி வில்கர்சன் காசெல் தொடங்கிய திரைத்துறைப் பெண்கள் அமைப்பைப் பார்த்தால் வளர்ந்த விதம் தெரியும். நியூயோர்க் 1977இல் தனக்கென ஒன்றை அமைத்தது, பிறகு ரொறன்ரோ, லண்டன். ஒவ்வொன்றும் தன் சந்தாவையும் தன் நிர்வாகத்தையும் தானே பார்த்துக்கொண்டது. எங்கள் சங்கத்துக்குள் மாவட்டத்துக்கு ஒரு வட்டம் அமைத்தால் அவற்றுக்கும் அதுதான் சரி. கிளிநொச்சியின் காசு கிளிநொச்சியில் இருக்கட்டும், மாங்குளத்தில் கூடுகிற பொதுச் சங்கத்துக்குப் பத்தில் ஒரு பங்கு வந்தால் போதும்.

முல்லைத்தீவு, ஒலியும் உபகரணமும்

பொது உபகரணப் பெட்டிக்கு முதல் காசில் கமரா வாங்க வேண்டாம். கமரா எப்படியோ இரவலாகக் கிடைக்கும், மைக்கும் லைற்றும்தான் ஒருவரிடமும் இருக்காது. இரண்டு கொலர் மைக், ஒரு எல்ஈடி லைற், என்பி-எஃப் வகைப் பற்றறி நாலு, நல்ல ரைப்பொட் ஒன்று. சோளகக் காற்று வீசுகிற மாதங்களில் மயிர்க் கவசம் போடாத மைக்கில் கடற்கரைப் பேட்டி எடுத்தால் காற்று மட்டும்தான் பேசும். தொகுப்பில் அதைச் சுத்தம் பண்ணினால் குரலும் சேர்ந்து போய்விடும்.

மாரியில் லென்ஸில் பூஞ்சணம் பிடிக்கும். அரிசி வாளிக்குள் வைக்கிற பழக்கத்தை விடுங்கோ, அரிசித்தூசு உள்ளே போகும். றப்பர் விளிம்பு வைத்த பிளாஸ்ரிக் பெட்டி, 200 கிராம் சிலிக்கா ஜெல். நீல மணி இளஞ்சிவப்பானால் ஈரம் குடித்துவிட்டது என்று அர்த்தம். சமையலுக்கு எடுக்காத பழைய தாச்சியில் மெல்லிய நெருப்பில் வறுத்தால் திரும்ப நீலமாகும்.

இரவல் புத்தகத்தில் தொடர் இலக்கம், கொண்டுபோன நாள், திருப்பித் தந்த நாள், பற்றறியின் சார்ஜ் எல்லாம் எழுத வேணும். வெற்றுப் பற்றறி திருப்பித் தருபவர் அடுத்த முறை வரிசையின் கடைசிக்குப் போகட்டும்.

கிளிநொச்சி, கலியாண வீடியோ

வேலை எங்கே இருக்கிறது என்று பார்த்துத்தான் சங்கம் வளர வேணும். சாமத்திய வீட்டில், அதாவது பூப்பு விழாவில், தண்ணி வார்க்கிற இடத்துக்குப் பெண் கமராவைத்தான் தாய்மார் கேட்கிறார்கள். கேள்வி இருந்தும் ஸ்ரூடியோக்காரர் பெண்ணை 'உதவிக்கு வந்தவள்' என்று எழுதி அரைக்கூலி கொடுப்பதுண்டு. ஒரு பக்க ஒப்பந்தம் இதை நிறுத்தும். மணித்தியாலக் கணக்கு, மேலதிக நேரத்துக்குத் தனி வீதம், பாதிக் காசு முற்பணம், இருட்டினால் வீடு வரை வாகனம். கடைசி பஸ் போன பிறகு 'பார்ப்பம்' என்ற சொல்லுக்கு மதிப்பில்லை. தண்ணி வார்வைக் காட்சிகளை முகநூலில் போடக் கூடாது, மூலப்பதிவு ஸ்ரூடியோவில் தங்கக் கூடாது என்ற வரி கட்டாயம் இருக்க வேணும்.

கார்ட் கணக்கையும் படித்துக்கொள்ளுங்கோ. வினாடிக்கு 100 மெகாபிற்றில் எடுத்தால் ஒரு மணித்தியாலத்துக்கு 45 ஜிபி. 64 ஜிபி கார்ட் ஒன்றரை மணித்தியாலத்துக்கும் வராது, தாலி கட்டுகிற நேரத்தில் நிரம்பும். இரண்டு இடத்தில் பிரதி எடுத்த பிறகுதான் அழிப்பது.

பயிற்சியை ஆடியில் வையுங்கோ. அந்த மாதம் கலியாணமும் இல்லை, வீதியில் வெள்ளமும் இல்லை. மார்கழியும் வேலை இல்லாத மாதம்தான், ஆனால் மழை விடாது.

மன்னார் வீதி, வவுனியா

முறைப்பாடு பற்றி ஒருவரும் எழுதவில்லையே. கேரளத்தில் 2017இல் நடிகை ஒருவர் தாக்கப்பட்ட பிறகு திரைத்துறைப் பெண்கள் சேர்ந்து அமைப்பாக நின்றதால்தான், அத்துறையில் பெண்கள் படும் பாட்டை ஆராய அரசு அமைத்த ஹேமா குழு வந்தது. அறிக்கை 2019 டிசெம்பரில் அரசின் கையில், மக்களின் கைக்கு வந்தது 2024 ஓகஸ்டில், அதுவும் பகுதி மறைத்து. ஆகவே அறிக்கைக்குக் காத்திராமல் நாளைக்கே தேவைப்படுவதை ஒழுங்கு செய்து வையுங்கோ. திகதியும் நேரமும் போட்டுக் கையால் எழுதிய குறிப்பு, அழிக்காத குறுஞ்செய்திகள். இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு பாலியல் தொந்தரவுக்கானது. பொலிஸில் பெண்கள் பிரிவு, பிரதேச செயலகத்தில் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர், பெண்களுக்கான உதவித் தொலைபேசி 1938. வாக்குமூலத்தைத் தமிழில் எழுதச் சொல்லி, வாசித்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்து. முறைப்பாட்டைக் கேட்கிற இருவர் நிர்வாகக் குழுவில் இருக்கக் கூடாது, ஸ்ரூடியோக்காரரின் சொந்தக்காரராகவும் இருக்கக் கூடாது. வன்னியில் இரண்டாவது நிபந்தனைக்கு ஆள் தேடுவது கொஞ்சம் பாடு.

முல்லைத்தீவு, ஒலியும் உபகரணமும்

மறந்துபோனேன். ரைப்பொட் திரும்பி வரும், அதன் மேல்தட்டு போனவரின் கமராவின் அடியிலேயே ஒட்டிக்கொண்டு போய்விடும். தட்டுக்குச் சிவப்பு நெயில் பொலிஷ் பூசி, மேலதிகமாக இரண்டு வாங்கிப் பெட்டிக்குள் போடுங்கோ.