கப்பலூர் வேலைக்கு என்ன கைச்சாமான் வாங்கலாம்?

குழு: மதுரை ஒத்தக்கடை வீட்டுச் சொந்தங்கள்
வெள்ளிக்கிழமை, இரவு

நான்: எல்லோருக்கும் வணக்கம். திங்கட்கிழமை கப்பலூரில் வேலைக்குச் சேர்கிறேன். ஒரு கான்ட்ராக்டரிடம் எலக்ட்ரீஷியன் ஹெல்ப்பர் வேலை. கைச்சாமான் சொந்தமாகக் கொண்டுவரச் சொல்லிவிட்டார். கையில் மூவாயிரம் இருக்கிறது. என்ன வாங்கலாம்?

செல்லூர் அண்ணன்: சந்தோஷம்டா தம்பி. ஐடிஐ முடித்த கையோடு வேலை.

மதினி: (படம்)

மதினி: இதைப் பாருங்க தம்பி. 128 பீஸ் செட், 1,999 ரூபாய். இன்று ராத்திரி வரைக்கும்தான் தள்ளுபடியாம். பெட்டியோடு வருகிறது. மீதிப் பணத்தில் இரண்டு சட்டை எடுத்துக்கொள்ளலாம்.

நான்: நல்லா இருக்கே மதினி. எல்லாமே இருக்கிறது போல.

திருமங்கலம் சித்தப்பா: தம்பி, பணம் கட்டிவிடாதே. படத்தைப் பெரிதாக்கிப் பார். 128இல் பாதிக்கு மேல் ஸ்க்ரூ டிரைவர் பிட். அப்புறம் குட்டி குட்டி சாக்கெட், ஆலன் கீ. ஒரு டப்பா திருகாணியையும் ஆணியையும்கூட பீஸ் கணக்கில் சேர்த்திருக்கிறான். வயரிங் வேலையில் நாள் முழுக்க உன் கையில் இருக்கப்போவது இதில் ஒரு கட்டிங் பிளேயர்தான். அது எப்படிப்பட்டது என்று இந்தப் படத்தை வைத்து யாராலும் சொல்ல முடியாது.

மேலூர் மாமா: சித்தப்பா சொல்வது சரி. மாப்பிள்ளை, வாங்கினால் ஜெர்மனி சாமானாக வாங்கு. குவைத்தில் இருந்தபோது எங்கள் கம்பெனியில் க்னிப்பெக்ஸ் பிளேயர்தான் கொடுப்பார்கள். 1882இலிருந்து குறடு செய்கிறவர்கள். கனமான வயரைக்கூட சிரமப்படாமல் வெட்டலாம். சாயங்காலம் கை வலிக்காது. ஊருக்கு வரும்போது ஒன்று வாங்கி வந்தேன், இன்றைக்கும் வாயில் ஒரு பள்ளம் கிடையாது.

அம்மா: என்ன விலை தம்பி அது?

மேலூர் மாமா: இப்போது இரண்டாயிரத்துக்கு மேல் இருக்கும் அக்கா.

அம்மா: ஒரே ஒரு குறட்டுக்கா? அதை வாங்கிவிட்டால் டெஸ்டர், சுத்தியல் எல்லாம் எதில் வாங்குவான்? சைட்டில் சாமான் காணாமல் போய்விடும் என்று வேறு சொல்கிறார்கள்.

திருமங்கலம் சித்தப்பா: தம்பி, உன் அம்மா கேட்பது நியாயம். மாமா சொல்லும் சாமானிலும் குறை கிடையாது. அதில் ரிவெட்டுக்கும் (இரண்டு பாதியையும் சேர்க்கும் ஆணி) வெட்டும் வாய்க்கும் தூரம் குறைவாக வைத்திருப்பார்கள், அதனால் அதே அழுத்தத்துக்கு வெட்டு அதிகம் விழும். நாளெல்லாம் வெட்டுகிறவன் கைக்கு அது பெரிய நிம்மதி. ஆனால் ஹெல்ப்பராகப் போகிற முதல் வருஷம் சாமான் நம் கையிலேயே இருக்காது. மேஸ்திரி கேட்பார், இன்னொருவர் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போவார், கொடுக்க மாட்டேன் என்று சொல்ல முடியாது. இரண்டாயிரம் ரூபாய்ச் சாமானைப் பார்த்துக்கொண்டே இருந்தால் வேலை எப்படிக் கற்பது? கை தேறி, தனியாக வேலை எடுக்கும்போது வாங்கட்டும்.

இப்போதைக்கு நடுத்தரத்தில் நல்ல சாமான் இருக்கிறது. தபாரியா 8 இஞ்ச் பிளேயர் நானூறு ரூபாயைச் சுற்றித்தான் வரும். நாசிக் கம்பெனி, 1969இல் ஸ்வீடன்காரர்களின் தொழில்நுட்பத்தோடு கைச்சாமான் செய்ய ஆரம்பித்தது. நான் பார்த்த ஒர்க்‌ஷாப்பில் எல்லாம் அதுதான் தொங்கும். டூப்ளிகேட்டும் ஓடுகிறது, அதனால் பில் போடும் கடையில் வாங்க வேண்டும். உறுதியான ஸ்டீல் என்று காட்டக் குரோம் வெனேடியம் என்று எழுதியிருக்கிறதே என்று பார்க்காதே, அந்த எழுத்தை யார் வேண்டுமானாலும் அடிக்கலாம். பிளேயரை மூடி வெளிச்சத்துக்கு நேராகப் பிடி. வெட்டும் வாய் இரண்டும் சேரும் இடத்தில் வெளிச்சம் தெரிந்தால் அது மெல்லிய வயரை வெட்டாது, மடக்கிவிடும். அப்புறம் கைப்பிடியைப் பக்கவாட்டில் ஆட்டிப் பார். ரிவெட்டில் ஆட்டம் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடு.

மேலூர் மாமா: திருப்பாச்சேத்தி அருவாள் மாதிரிதான். சந்தையில் பாதி விலைக்குத் தகட்டு அருவாள் கிடைக்கிறது. ஆனாலும் தோப்பு வைத்திருக்கிறவன் பட்டறைக்குப் போய் லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்ததைத்தானே வாங்குகிறான்?

திருமங்கலம் சித்தப்பா: அதேதான் மாமா. தினமும் வெட்டுகிறவன் அங்கே போவான். வருஷத்துக்கு ஒரு தரம் முருங்கைக் கிளை கழிக்கிற வீட்டுக்குத் தகடு போதும்.

செல்லூர் அண்ணன்: ஸ்க்ரூ டிரைவரிலும் கஞ்சத்தனம் பண்ணாதே தம்பி. என் கடைக்கு வரும் பைக்கில் பாதிக்குத் திருகாணித் தலை மழுங்கிப்போய்த்தான் வருகிறது. மட்டமான இரும்பில் நுனி உருண்டுவிடும், அழுத்தித் திருப்பினால் வழுக்கித் தலையைத் தின்றுவிடும். அப்புறம் அந்த ஒரு திருகாணியைக் கழற்ற டிரில் போட வேண்டியிருக்கிறது. ஜப்பான் வழியில் வந்த வண்டிகளில் பிளஸ் மாதிரித் தெரியும் திருகாணி எல்லாம் சாதாரண பிளஸ் கிடையாது, ஜேஐஎஸ் என்று ஜப்பான்காரர்களின் தனி அளவு. பல திருகாணியில் தலையில் ஒரு சின்னப் புள்ளி இருக்கும். அதற்குச் சரியான நுனி இல்லாமல் கை வைக்கவே கூடாது.

மதினி: அப்போ நம் வீட்டுக்கு இந்த 128 செட் வாங்கலாமா? உங்களிடம் ஒரு ஸ்க்ரூ டிரைவர் கேட்டால் கடையில் இருக்கிறது என்கிறீர்கள்.

செல்லூர் அண்ணன்: வேண்டாம். நாளைக்கே நல்லதாக இரண்டு கொண்டுவந்து வைக்கிறேன்.

புதூர் அத்தை: எல்லோரும் பிளேயரையே பேசுகிறீர்கள். டெஸ்டரைப் பற்றி யாராவது சொன்னீர்களா? அதுதான் பிள்ளையின் உயிர். பத்தாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கும்போது நான் ஒரு டெஸ்டரைக் கழற்றிக் காட்டுவது வழக்கம். உள்ளே ஒரு நியான் பல்பு, ஒரு ஸ்பிரிங், அப்புறம் கரண்ட்டைக் குறைக்கும் ஒரு குட்டி ரெசிஸ்டர். அரிசிமணியை விடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். சாதாரணமாகப் பத்து லட்சம் ஓம் அளவில் வைப்பார்கள். 230 வோல்ட்டை அதால் வகுத்தால் 0.23 மில்லி ஆம்பியர். ஒரு மில்லி ஆம்பியர் வந்தால்தான் உடம்புக்குச் சுரீர் என்று தெரியும். அதனால்தான் டெஸ்டர் தலையில் விரல் வைத்தும் ஒன்றும் ஆவதில்லை. அந்த ரெசிஸ்டர் மட்டமாக இருந்தாலோ, உள்ளே ஈரம் இறங்கினாலோ அந்தக் கணக்கு முழுக்கப் போய்விடும். இருபது ரூபாய் டெஸ்டரை என் மருமகன் தொடக்கூடாது.

அம்மா: நீங்கள் சொன்னதைப் படித்துவிட்டு எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

திருமங்கலம் சித்தப்பா: பயப்படாதீங்க. அத்தை சொன்னதுதான் முதல் பாடம். தம்பி, டெஸ்டர் எரியவில்லை என்பதை மட்டும் வைத்துக் கரண்ட் இல்லை என்று முடிவு செய்யாதே. முதலில் கரண்ட் இருப்பது உறுதியாகத் தெரிந்த பாயின்ட்டில் வைத்துப் பார், எரிகிறதா? அப்புறம் வேலை செய்யும் இடத்தில் வை. மறுபடியும் பழைய பாயின்ட்டில் வைத்துப் பார். நடுவில் டெஸ்டரே கெட்டிருந்தால் மூன்றாவது தடவையில் தெரிந்துவிடும். பட்டப்பகல் வெயிலில் நியான் வெளிச்சம் கண்ணுக்குத் தெரியாது, கையால் மறைத்துப் பார்க்க வேண்டும்.

நான்: ஐடிஐயில் டெஸ்ட் லேம்ப்பும் (வயர் மாட்டிய பல்பு) வைத்துப் பார்க்கச் சொன்னார்கள் சித்தப்பா.

திருமங்கலம் சித்தப்பா: நல்லது. இன்னொன்று. பிளேயர் கைப்பிடியில் தடியாகச் சிவப்பு உறை இருந்தால் ஷாக் அடிக்காது என்று நினைக்காதே. பல உறை பிடிக்கு வசதியாக இருக்கத்தான் போட்டிருக்கிறான். சோதனை செய்து பார்த்த சாமானில் இரட்டை முக்கோணமும் 1000 வோல்ட் என்ற எழுத்தும் இருக்கும். அந்த முத்திரை இருந்தாலும் உறையில் கீறல் விழுந்துவிட்டால் அது சாதாரணக் குறடு. எது இருந்தாலும் மெயினை இறக்காமல் கை வைக்காதே. மேஸ்திரி அவசரப்படுத்தினாலும் சரி.

மேலூர் மாமா: இதை ஒத்துக்கொள்கிறேன். முத்திரை இருக்கும் ஸ்க்ரூ டிரைவர் இரண்டு நான் வாங்கித் தருகிறேன். வேலைக்குப் போகிறவனுக்குத் தாய்மாமன் சீர் என்று வைத்துக்கொள் மாப்பிள்ளை.

நான்: ரொம்ப நன்றி மாமா!

அம்மா: சுத்தியல், உளி எல்லாம்?

திருமங்கலம் சித்தப்பா: அதில் விலை பார்க்கலாம். வயர் பதிக்கச் சுவரில் காடி வெட்டும் உளியை எவ்வளவு கொடுத்து வாங்கினாலும் செங்கல்லில் மழுங்கத்தான் போகிறது, கொல்லரிடம் கொடுத்தால் காய்ச்சி அடித்துத் தோய்த்துத் தருவார். தலைப்பக்கம் காளான் மாதிரி விரிந்தால் மட்டும் உடனே அரைத்துவிட வேண்டும், சில்லு தெறித்தால் கண்ணுக்கு ஆபத்து. சுத்தியலில் பிடி இறுக்கமாக இருந்தால் போதும். இரும்பு அறுக்கும் ஹேக்ஸா ஃபிரேமும் சாதாரணமானது போதும், ஆனால் பிளேடு பைமெட்டல் வாங்கு. பல்லுக்கு ஹைஸ்பீடு ஸ்டீல், முதுகுக்கு வளையும் ஸ்டீல் வைத்துச் சேர்த்திருப்பான், கொஞ்சம் கோணினாலும் படக்கென்று ஒடியாது. இஞ்சுக்கு 24 பல் என்று கேள், பல் முன்பக்கம் பார்த்து இருக்கும்படி மாட்டு.

செல்லூர் அண்ணன்: அளக்கும் டேப்?

திருமங்கலம் சித்தப்பா: ஐந்து மீட்டர் போதும். நுனிக் கொக்கி லேசாக ஆடுகிறது என்று கடைக்காரனிடம் சண்டைக்குப் போகாதே தம்பி. கொக்கியின் கனம் எவ்வளவோ அவ்வளவு ஆடும்படிதான் செய்திருப்பார்கள். மாட்டி இழுத்து அளந்தாலும், சுவரில் முட்டி அளந்தாலும் ஒரே அளவு வர வேண்டும் அல்லவா?

நான்: இது எனக்குத் தெரியாது சித்தப்பா.

அம்மா: காணாமல் போவதற்கு என்ன செய்வது?

செல்லூர் அண்ணன்: கைப்பிடியில் பச்சைப் பெயின்ட்டில் ஒரு பட்டை அடித்துத் தருகிறேன் சித்தி. என் ஸ்பேனர் எல்லாவற்றிலும் மஞ்சள் பட்டை இருக்கும். எவர் பெட்டியில் கிடந்தாலும் தெரியும்.

திருமங்கலம் சித்தப்பா: நல்ல யோசனை. தம்பி, உளியும் சுத்தியலும் வாங்க வேண்டாம், என்னுடையது இருக்கிறது, எடுத்து வருகிறேன். மீதிப் பணத்தில் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும், செருப்புக்குப் பதிலாக நல்ல ஷூவும் வாங்கு. காலையில் பத்து மணிக்குச் சிம்மக்கல்லில் இறங்கி நில். பிளேயரையும் டெஸ்டரையும் நான் கையில் வாங்கிப் பார்த்த பிறகுதான் பில்.

புதூர் அத்தை: டெஸ்டரைக் கடையிலேயே பிளக்கில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

திருமங்கலம் சித்தப்பா: அது இல்லாமலா. ஷூ மட்டும் ரப்பர் சோல் இருப்பதாகப் பார்க்க வேண்டும், அதை மேலமாசி வீதிப் பக்கம் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

நான்: சரி சித்தப்பா. பத்து மணிக்கு நிற்கிறேன்.