140 மணி நேரம் விளையாடிய கேமை இரண்டரை மணி நேரப் படமாக எடுக்க முடியுமா?

தலவாக்கலைத் தம்பி கேட்டது:

எல்டன் ரிங் கேம் படமாகப் போகிறது என்று 2025 மே மாதம் அறிவித்தார்கள். ஏ24 என்ற அமெரிக்கப் பட நிறுவனத்தின் தயாரிப்பு, அலெக்ஸ் கார்லண்ட் எழுதி இயக்குகிறார். அன்றிலிருந்து எனக்குச் சந்தோஷம் பாதி, பயம் பாதி.

கேம் வந்தது 2022 பெப்ரவரியில். அடுத்த மாதமே நாட்டில் 13 மணி நேர மின்வெட்டு. கேமைப் பற்றி நினைக்கக்கூட முடியாத காலம் அது. மறுவருஷம் அண்ணன் கொழும்பிலிருந்து ஒரு பழைய மெஷினைக் கொண்டுவந்து கொடுத்த பிறகுதான் ஆரம்பித்தேன். தோட்டத்து லயத்தில் (வரிசை வீடுகளில்) முன் காம்பராவில், அம்மா தூங்கின பிறகு, சத்தத்தைக் குறைத்து வைத்து 140 மணி நேரம். கோட்டை வாசலில் நிற்கும் மார்கிட்டிடம் மட்டும் 31 தடவை செத்தேன். விடிகாலையில் ஜன்னலைத் திறந்தால் மேல் கொத்மலை நீர்த்தேக்கத்தின் மேல் பனி கிடக்கும். திரையில் பார்த்த நாட்டுக்குள்ளேயே இன்னும் நிற்பது போல இருக்கும்.

அந்த கேமில் யாரும் உட்கார வைத்துக் கதை சொல்வதில்லை. ஒரு வளையம் உடைந்தது, அரச குடும்பம் தங்களுக்குள் அடித்துக்கொண்டு அழிந்தது, அவ்வளவுதான் முதலில் தெரியும். மீதியை ஒரு வாளின் குறிப்பிலிருந்தும், செத்துக் கிடப்பவன் பக்கத்தில் இருக்கும் பொருளிலிருந்தும் நாமே பொறுக்கிச் சேர்க்க வேண்டும். நம் வீரன் பேச மாட்டான். அவன் முகம் நான் கொடுத்த முகம். படத்தில் அங்கே ஒரு நடிகர் வந்து நிற்பார். 31 தடவை செத்து எழுந்ததை எப்படிக் காட்டுவார்கள்? படத்தில் நாயகன் ஒரு தடவை செத்தாலே கதை முடிந்ததே.

போன மாதம், இன்னொரு கேமை வைத்து எடுத்த வார்கிராஃப்ட் படத்தை அம்மாவோடு பார்த்தேன். மலையிலிருந்து கொழுந்து எடுத்துவிட்டு வந்த களைப்பிலும் அம்மா உட்கார்ந்து பார்த்தார். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை ஒரே கேள்வி: “இதுல நம்ம ஆளு யாருடா?” எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. எல்டன் ரிங்கும் அப்படி ஆகிவிடுமோ? பார்த்தவர்கள், விளையாடியவர்கள் சொல்லுங்கள்.

மேக்கணக்கு எழுதியது:

தம்பி, உங்கள் அம்மா கேட்டதுதான் கேள்வி. அதற்குப் பதில் இருந்தால் மற்றதெல்லாம் தானாக வரும்.

வார்கிராஃப்ட்டை நான் 2016இல் வந்தபோதே பார்த்தேன். முதல் கேம் வந்தது 1994இல். படம் எடுக்கப் போகிறோம் என்று 2006இல் சொன்னார்கள். சாம் ரைமி பொறுப்பேற்று, பிறகு விலகி, கடைசியில் டங்கன் ஜோன்ஸ் எடுத்து முடித்தார். செலவு 160 மில்லியன் டொலர். உலகம் முழுக்க வசூல் ஏறக்குறைய 439 மில்லியன். அதில் சீனாவில் மட்டும் 200 மில்லியனுக்கு மேல், அமெரிக்காவில் 47 மில்லியன்தான். சீனாவில் அந்த கேமோடு வளர்ந்தவர்கள் ஏராளம். கேமைத் தெரிந்தவன் ஓடி வந்து பார்த்தான். தெரியாதவனுக்கு உள்ளே நுழைய வழி கிடைக்கவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது.

ஆனால் அந்தப் படத்தில் ஒரு இழை இருக்கிறது, அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். டூரோட்டான் என்ற ஓர்க், அதாவது பூதம் போன்ற ஒரு இனத்தவன். அவன் நாடு காய்ந்து செத்துக்கொண்டிருக்கிறது. நிறைமாத மனைவியோடு ஒரு பெரிய வாசலைத் தாண்டி, பார்த்தே இராத மண்ணுக்கு வருகிறான். வந்து இறங்கிய இடத்திலேயே பிரசவம். பிள்ளைக்கு மூச்சில்லை. கூட்டி வந்த மந்திரவாதி ஒரு மானின் உயிரை எடுத்து அந்தப் பிள்ளைக்குக் கொடுக்கிறான். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. எங்கள் பாட்டன் பூட்டன்மார் பஞ்சத்தில் ஊரை விட்டு, மன்னார்க் கரையில் இறங்கி, ஆள் சேர்த்த கங்காணி பின்னால் மாத்தளை வரை காட்டு வழியே நடந்தவர்கள். சொல்லிக் கூட்டி வந்தது ஒன்று, இங்கே கண்டது ஒன்று. பல் துருத்திய அந்த முகத்தில் (நடிகர் டோபி கெபெல்லின் நடிப்பை மோஷன் கேப்சரில், அதாவது அசைவைக் கணினியில் பதிந்து, எடுத்து வரைந்தது) என் பாட்டனைத்தான் பார்த்தேன். அந்த இடத்தில் உங்கள் அம்மாவும் கேள்வி கேட்டிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

அப்புறம் படம் அவனை விட்டுவிட்டுப் போய்விடுகிறது. ஒரு கோட்டை, ஒரு மந்திரக் கோபுரம், ஒரு சபை, ஆளுக்கு ஒரு பேர். விளையாடியவர்களுக்கு ஒவ்வொன்றும் தெரிந்த இடம், அதனால் எதையும் விட மனம் வரவில்லை. 123 நிமிஷத்தில் அத்தனையையும் சுமக்க முடியாது.

எங்கள் தோட்டத்தில் மாசி மாதம் காமன் கூத்து போடுவோம். நான் மூன்று வருஷம் ரதி வேஷம் கட்டியவன். மன்மதன் எரியப் போகிறான் என்று கைப்பிள்ளைக்கும் தெரியும். இருந்தும் பனியில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு விடிய விடியப் பொட்டலில் உட்கார்ந்திருப்பார்கள். கதையோ பெரிய கதை. தக்கன் யாகம், தேவர் சபை, தூதன், எமன் எல்லாம் உண்டு. மழை வந்தால், நேரம் போய்விட்டால், எங்கள் மாஸ்டர் சபையைக் குறைப்பார், தூதன் பாட்டைப் பாதியாக்குவார். ரதி புலம்பலில் ஒரு வரியைத் தொட விடமாட்டார். “தப்பு மேளம் நின்னாலும் நீ நிறுத்தாத” என்பார். பெரிய கதையைச் சின்ன நேரத்துக்குள் கொண்டுவருகிறவன் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது எது தன்னுடைய ரதி புலம்பல் என்பதைத்தான்.

31 சாவைப் பற்றி: முதல் சாவை முழுசாகக் காட்டட்டும். அடுத்த தடவை அதே பாலத்தில் ஏறும்போது அவன் கால் எந்த இடத்தில் தயங்குகிறது என்று காட்டினால் போதும். மீதி 29ஐயும் நாம் எண்ணிக்கொள்வோம்.

பதுளை டீச்சர் எழுதியது:

மேக்கணக்கு அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். கேமை உண்டாக்கியவரே இயக்கினால் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஃபைனல் ஃபேண்டசி கேமை உருவாக்கிய ஹிரோனோபு சகாகுச்சியே 2001இல் அந்தப் பேரில் படம் எடுத்தார். 137 மில்லியன் டொலர் செலவு, 85 மில்லியன் வரவு. கேமில் இருந்த மந்திர உலகம் படத்தில் இல்லை, பேர் மட்டும்தான் இருந்தது. மாறாக, லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் என்ற கேமை வைத்து 2021இல் வந்த ஆர்கேன் தொடரைப் பாருங்கள். அந்த கேமில் நூற்றுக்கு மேற்பட்ட வீரர்கள். தொடரோ அக்கா, தங்கை இரண்டு பேரைப் பிடித்துக்கொண்டது. கேமையே தொடாத என் தங்கச்சி அதைப் பார்த்து அழுதாள்.

ஆனால் வார்கிராஃப்ட்டின் குறை பேர்கள் கூடியது மட்டும் என்று சொல்ல மாட்டேன். கணினியில் செய்த ஓர்க்குகள் அவ்வளவு உயிரோடு நிற்க, பக்கத்தில் கரோனா என்ற பாதி ஓர்க் பெண்ணாக நடித்தவர் பச்சை நிறம் பூசிய மனுஷியாகத்தான் தெரிந்தார். ஒரே ஃபிரேமில் இரண்டு உலகம். மனம் அங்கே விலகிவிடுகிறது. எல்டன் ரிங்கில் மனிதர்களும் உண்டு, மரம் அளவு பூதங்களும் உண்டு. அதைத்தான் நான் கவனித்துப் பார்ப்பேன்.

தலவாக்கலைத் தம்பி எழுதியது:

அண்ணே, டீச்சர், இரண்டு பேருக்கும் நன்றி. ரதி புலம்பலைப் படித்ததும் அம்மாவிடம் போய், “என் கேமில் உங்களுக்கு யாரைப் பிடிக்கும்?” என்று கேட்டேன். நான் விளையாடும்போது அம்மா சில நாள் பாதித் தூக்கத்தில் எழுந்து வந்து பார்ப்பார். ராஜாவையோ ராணியையோ சொல்வார் என்று நினைத்தேன். யோசிக்கவே இல்லை. “அந்தப் பானை” என்றார்.

விளையாடியவர்களுக்குத் தெரியும். அலெக்சாண்டர், கை கால் முளைத்த பெரிய பானை, இடுப்பு வரை மண்ணில் புதைந்து உதவி கேட்டுக்கொண்டிருக்கும். நான் குதிரையில் தாண்டிப் போகப் பார்த்தேன். “பாவம்டா, தூக்கி விட்டுட்டுப் போ” என்று அம்மாதான் நிறுத்தினார். பின்பக்கத்தில் அடித்துத்தான் வெளியே எடுக்க முடியும். அடித்தேன். வெளியே வந்து நன்றி சொன்னது. அம்மாவுக்கு அது என்ன பாஷை என்றே தெரியாது, ஆனால் நன்றி சொன்னது புரிந்தது.

நேற்றும் கேட்டார், அந்தப் பானை இப்போது எங்கே இருக்கிறது என்று. கடைசியில் அதற்கு என்ன ஆகிறது என்பதை நான் இன்னும் சொல்லவில்லை.